முள் ஏறும் பாதை

ஊருக்குள் நல்ல பிள்ளை.
பிஷ்கெக் சந்தை நெரிசலில் அரைமணி நின்றாலும்
முள் நடுக்கோட்டை விட்டு ஒரு நூல்தான் நகரும்.
மலையைப் பார்த்தால்தான்
என் முப்பது வயது ஆடிக்குக் கிறுக்குப் பிடிக்கும்.

தெர்மோஸ்டாட் என்றான் வித்தாலி. மாற்றினேன்.
தண்ணீர் பம்ப் என்றான் ஷூகுர். மாற்றினேன்.
ஹெட் கேஸ்கெட்தான் போயிருக்கும், புருல் அக்கா,
எஞ்சினை இறக்கிப் பார்த்துவிடலாம் என்றார்கள் இருவரும்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.
நாற்பதாயிரம் சோம்.
நான் இறக்கியது குரலை மட்டும்:
அடுத்த மாதம் பார்ப்போமே.

இன்று ஒட்டகக் கணவாயில்
கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி
முள் மேலேறியது.
ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டேன்,
எஞ்சினின் சூட்டை ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளட்டும் என்று.
தொக்தொசுன் தொப்பியைக் கழற்றினார்.
அவருக்குத் தலை வழுக்கை என்பது
பத்து வருஷச் சவாரியில் இன்றுதான் தெரிந்தது.
பின்சீட்டில் சோல்பொன், கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டு,
பரீட்சை நோட்டால் விசிறிக்கொண்டாள்.
விடுப்பில் போகும் சிப்பாய் வேர்த்துக்கொண்டே தூங்கினான்.
டிக்கியில், கால் கட்டிய தொக்தொசுனின் ஆடு.

ஓரம் கட்டினேன்.
மூடியைத் திறக்க வந்த கையைத் தட்டிவிட்டேன்.
இந்த உயரத்தில் டீத்தண்ணீர் தொண்ணூறிலேயே கொதித்துவிடும்;
உள்ளே இருப்பது
மூடியின் தயவில் பொறுத்துக்கொண்டிருக்கிறது.

நாற்பது நிமிஷம்.
பிறகு மேல்கோட்டை நாலாக மடித்து, மெல்லத் திருகி,
உஸ்ஸ்.
தண்ணீர் குறையவில்லை.
எஞ்சினை ஓடவிட்டேன், குமிழி இல்லை.
எண்ணெய்க் கம்பியைத் துடைத்துப் பார்த்தேன்:
கறுப்பு. பால் கலந்த காப்பி நிறமில்லை.
அப்போதே கேஸ்கெட்டுக்கு விடுதலை கொடுத்தேன்,
நாற்பதாயிரத்துக்கும்.
மேல் குழாய் சுட்டது, கீழ்க் குழாயும் சுட்டது.
தண்ணீர் சுற்றுகிறது. காற்றாடியும் சுற்றுகிறது.
எல்லாரும் அவரவர் வேலையைச் செய்கிறார்கள்,
வீடு மட்டும் எரிகிறது.

டிக்கியைத் திறந்து ஆட்டைப் பார்த்த சோல்பொன்
தொக்தொசுனைத் திட்டினாள்:
ஜூன் மாதம், இன்னும் மயிர் கத்தரிக்கவில்லையா?
இதற்குக் காய்ச்சல் இல்லை, தாத்தா,
சூடு வெளியே போக வழியில்லை, அவ்வளவுதான்.

நான் அவளிடம் கேட்டது ஒரு தாள்.
நோட்டில் கிழித்தாள், அசைபோடும் நாலு வயிறுகளும் வரைந்த பக்கம்.
ஓடும் எஞ்சின் முன்னால், கிரில்லின் மேல் வைத்தேன்.
காற்றை இழுத்தால் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும்.
விழுந்தது.
மறுபடி வைத்தேன். நாலு வயிறும் என் செருப்பில்.

முன்னாலிருந்து பார்த்தால் ஏசியின் வலை, பளிச்.
பின்னாலிருந்து பார்த்தால் ரேடியேட்டர், பளிச்.
இரண்டுக்கும் நடுவே, விரல் நுழையாத சந்தில்,
சிப்பாயின் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது
வெள்ளையாய் ஒரு மெத்தை.

பாப்ளார் பஞ்சு.
நகரத்து மரங்கள் ஜூனில் ஜூனில் உதிர்ப்பது,
மூக்கில், சூப்பில், மணப்பெண்ணின் முக்காட்டில் ஒட்டுவது.
எத்தனை கோடையோ படிந்து படிந்து
கொதிக்கிறவளுக்குப் போர்த்திய கம்பளி.
இலவு காத்த கிளிக்காவது ஏமாற்றத்தோடு போயிற்று;
காற்றைக் காத்த என் ரேடியேட்டருக்கு
மூச்சே போயிற்று.

ஓடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து
பின்புறமிருந்து முன்புறம் பீய்ச்சினோம்.
சிப்பாய் தன் சீப்பைத் தியாகம் செய்தான்.
கற்றை கற்றையாய் வந்ததைப் பிழிந்து பார்த்த தொக்தொசுன்
ஒரு தலையணைக்குக் காணும் என்றார்.
வித்தாலிக்கு ஒன்று, ஷூகுருக்கு ஒன்று என்றேன்.

மீதிக் கொண்டை ஊசிகளில்
நான் சாலையை விட முள்ளைத்தான் பார்த்து ஓட்டினேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
நடுக்கோட்டில் ஒரு நூல் கீழே.

உச்சிச் சுரங்கத்துக்குள் பனிக்குளிர்.
ஹீட்டர் போடவா என்றேன்.
மூன்று பேரும் ஒரே குரலில், வேண்டாம்.
டிக்கியிலிருந்தும் ஏதோ கேட்டது,
அதை நான் ஓட்டில் சேர்க்கவில்லை.